பக்கத்தில் நின்று தீட்டியவர்

1872-ஆம் வருஷம், பாரிஸ் நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உவாஸ் நதியின் கரையில் அமைந்த பொந்துவாஸ் என்னும் சிற்றூருக்கு, ஊரறிய மணந்துகொள்ளாத ஒரு பெண்ணையும் அவ்வருஷ ஆரம்பத்தில் அவளிடம் பிறந்த ஆண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, 33 வயதுள்ள சித்திரகாரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தகப்பனார் தெற்கே எய்க்ஸ் நகரத்தில் பாங்கு நடத்திய பெருந்தனக்காரர். பிள்ளை சட்டம் படிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துப் படிக்கவும் வைத்து, பிறகு வேறு வழியின்றிச் சித்திரம் எழுத அனுமதித்து, மாதாமாதம் ஒரு தொகையை அனுப்பிக் கொண்டிருந்தவர். அந்தத் தொகை நின்று போய்விடுமே என்ற அச்சத்தால், குடும்பம் ஒன்று ஏற்பட்டிருக்கும் செய்தியையே மகன் அவரிடமிருந்து வருஷக்கணக்கில் மறைத்து வைத்தார். அரசாங்கத்தின் ஆதரவில் பாரிஸில் நடைபெற்ற ‘சலோன்’ என்னும் பெருங் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய படங்களெல்லாம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தன. பால் செஸான் என்ற அந்த மனிதரின் பெயரைத் தவிர்த்து இன்றைக்கு நவீன ஓவியத்தின் சரித்திரத்தை எவரும் எழுத முடியாது. ஆனால் அன்று அவரைப் பொருட்படுத்தியவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிலரில் முதன்மையானவர் பொந்துவாஸிலேயே குடியிருந்த காமீல் பிஸ்ஸாரோ. செஸானைவிட ஏறக்குறைய ஒன்பது வயது மூத்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் டென்மார்க்குக்கு உட்பட்டிருந்த செயின்ட் தாமஸ் தீவில், யூத வர்த்தகக் குடும்பமொன்றில் 1830-இல் பிறந்து, கடைக் கணக்கு எழுதப் பிடிக்காமல் வெனிசூலாவுக்குப் போய்ச் சித்திரம் பழகி, 1855-இல் பாரிஸ் வந்து சேர்ந்தவர். ஒரு கலைஞன் மற்றொரு கலைஞனை ஊக்குவிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், நீண்ட உபதேசம் எதுவும் செய்யாமல் இந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

இருவரும் முதலில் சந்தித்தது 1861-இல், பாரிஸிலிருந்த ‘அகாதெமி சுவிஸ்’ என்ற சித்திரக் கூடத்தில். அங்கே ஆசிரியர் கிடையாது, பரீட்சை கிடையாது, ஒரு சிறு கட்டணத்தைச் செலுத்தினால், எதிரே உட்கார்ந்திருக்கும் மாதிரியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வரையலாம். தெற்கத்திய உச்சரிப்பும் முரட்டுச் சுபாவமும் கொண்ட செஸான் வரைந்த மனித உருவங்களைப் பார்த்து அங்கிருந்த இளைஞர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தக் கோணல் கோடுகளிலே ஏதோ விசேஷம் இருக்கிறதென்று கண்டு, நண்பர் பிரான்ஸிஸ்கோ ஒல்லேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர் பிஸ்ஸாரோ. முப்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு, செஸானை உலகம் கொண்டாடத் தொடங்கிய சமயத்தில், தம் மூத்த மகன் லூஸியனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பழைய சந்திப்பை அவர் சந்தோஷத்தோடு நினைவுகூர்ந்தார்.

சிரித்தவர்களை முற்றிலும் குறை சொல்லிவிட முடியாது. செஸானுடைய ஆரம்பகாலப் படங்கள் பார்ப்பவரைத் திகைக்க வைப்பவை. கொலை, பெண்ணைத் தூக்கிச் செல்லுதல், இருட்டில் நடைபெறும் களியாட்டம் என்று அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களே கொந்தளிப்பானவை. அவற்றைக் கருமையும் சேற்று நிறமுமாக, தூரிகையால் தீட்டியது போதாதென்று வர்ணக் கத்தியால் அள்ளி அப்பியிருப்பார். மனத்திலே எழுகிற ஆவேசம் அத்தனையும் அப்படியே கித்தானில் வந்துவிட வேண்டும் என்பது அவருடைய தாகம். வராதபோது கோபம் படத்தின் மேல் பாயும். கிழித்து எறிந்த படங்கள் பல. கலைஞனுக்கு வேட்கை வேண்டும் என்று நாம் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். செஸானுக்கு அதில் எள்ளளவும் குறைவில்லை. அவருக்குக் கரைதான் இல்லை. மழைக்காலத்து ஆற்றுக்குக் கரை பகையாகாது. வயலை அழித்துக்கொண்டு ஓடியிருக்கக்கூடிய தண்ணீரை ஏரியிலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுவே. செஸானுக்கு அத்தகைய கரையாக வாய்த்தவர் பிஸ்ஸாரோ.

அவர் அப்போது எந்த நிலைமையில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தம்மிடம் நிறைய இருக்கும்போது பிறருக்குக் கொடுப்பதிலே பெரிய சிறப்பு ஒன்றுமில்லை. 1870-இல் பிரஷ்யப் படைகள் பிரான்ஸுக்குள் புகுந்தபோது, லூவெஸியென் என்ற கிராமத்திலிருந்த வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடியவர் அவர். அந்த வீட்டைச் சிப்பாய்கள் தங்குமிடமாக்கிக் கொண்டார்கள். அங்கே அடுக்கி வைத்திருந்த சித்திரங்களை எடுத்து, கால் சேறாகாமல் நடப்பதற்காகத் தோட்டத்து ஈரத்திலே பரப்பினார்கள். ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பில் திரண்டிருந்த படங்களில் சுமார் 40 மட்டுமே மிஞ்சின. நாற்பது வயதைக் கடந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், குழந்தைகளுக்கு ரொட்டி வாங்கக் கடன் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதர், மற்றொருவருடைய கலையைப் பற்றி அக்கறை கொள்ள நேரமும் மனமும் படைத்திருந்தார் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு நெகிழ்கிறது.

அவர் செஸானிடம் என்ன செய்தார்? முதலில், தாம் 1871-இல் தீட்டிய ‘லூவெஸியென்’ என்ற படத்தைக் கொடுத்துப் பிரதி செய்துகொள்ள விட்டார். வளைந்து இறங்கும் கிராமப் பாதை, அதன்மேல் ஒரு பெண்ணும் சிறு குழந்தையும், மரங்கள், தாழ்ந்த கூரை வீடுகள், தொலைவில் பழைய நீர்வழிப் பாலத்தின் வளைவுகள். மேலே பரந்த ஆகாயம். செஸான் எழுதிய பிரதியை மூலப் படத்தோடு வைத்துப் பார்த்தால், மாணாக்கன் எங்கே பணிந்தான், எங்கே பணிய மறுத்தான் என்பது தெளிவாகப் புலப்படும். பிஸ்ஸாரோவின் படத்தில் வெளிச்சம் கூரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து பாதைக்கும் மெல்ல மெல்ல இறங்குகிறது. நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து போகின்றன. செஸானுடைய பிரதியில் பாதை இருக்கிறது, வீடு இருக்கிறது, பெண்ணும் குழந்தையும் இருக்கிறார்கள். ஆனால் சின்னச் சின்ன விவரங்கள் உதிர்ந்து போயிருக்கின்றன. சுவர் ஒரு பாளமாகவும் கூரை ஒரு பாளமாகவும் கெட்டிப்பட்டு நிற்கின்றன. அவருடைய பழைய படங்களை அடைத்துக்கொண்டிருந்த இருட்டுக்கும் அங்கே இடமில்லை. பகல் வெளிச்சம் முதன்முதலாக அவருடைய கித்தானுக்குள் வந்துவிட்டது.

பிறகு இருவரும் வெளியே புறப்பட்டார்கள். பொந்துவாஸைச் சுற்றியுள்ள பாதைகளிலும் காய்கறித் தோட்டங்களின் ஓரங்களிலும் படச் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஊன்றி, ஒரே காட்சியை இருவரும் எழுதினார்கள். அடுத்த வருஷம் செஸான் பக்கத்து ஊரான ஓவேருக்குக் குடிபோன பிறகும், அங்கிருந்து சில மைல்கள் நடந்தே வந்து பிஸ்ஸாரோவோடு வேலை செய்தார். ஓயாமல் தர்க்கம் செய்துகொண்டே அவர்கள் வேலை செய்ததை அப்போது சிறுவனாயிருந்த லூஸியன் பிற்காலத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். மூன்று மூல வர்ணங்களையும் அவற்றிலிருந்து நேரே பிறக்கும் வர்ணங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு தீட்டிப் பாரும் என்று பிஸ்ஸாரோ செஸானுக்குச் சொன்னார். கருமையை விட்டுவிட்டால் நிழலையும் ஒரு நிறமாகவே பார்த்தாக வேண்டும்; பார்க்கப் பொறுமை வேண்டும்; பொறுமை வந்தால் கை தானே நிதானப்படும். ஆவேசத்தை அடக்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் செஸான் ஒருவேளை சண்டை பிடித்துக்கொண்டு போயிருப்பார். கண்ணுக்கு வேலை கொடுக்கப்பட்டது. ஆவேசம் தானாகவே அந்த வேலைக்குள் புகுந்துகொண்டது.

இவர்கள் இருவரும் தீட்டுவதை வேடிக்கை பார்த்த ஒரு குடியானவர், பிஸ்ஸாரோ தூரிகையால் குத்திக் குத்தி வைக்கிறார், செஸான் பூசிப் பூசி அப்புகிறார் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. கலைப் பரிச்சயம் சிறிதும் இல்லாத அந்த மனிதர், வித்துவான்கள் பக்கம் பக்கமாக எழுதிய வித்தியாசத்தை ஒரே பார்வையில் கண்டுகொண்டார். இவ்வளவு நெருங்கிப் பழகியும், ஒரே தோட்டத்தையும் ஒரே வானத்தையும் நாள்தோறும் பார்த்தும், ஒருவர் கை மற்றவருடைய கையாகிவிடவில்லை.

பிஸ்ஸாரோவின் மேன்மை முழுவதும் இங்கேதான் இருக்கிறதென்று நான் கருதுகிறேன். உற்சாகப்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, மற்றவனைத் தம்மைப் போல ஆக்கிவிடவே விரும்புகிறார்கள். ‘நன்றாயிருக்கிறது’ என்று அவர்கள் சொல்லும்போது, ‘என்னுடையது போலவே இருக்கிறது’ என்பதே உள்ளிருக்கும் பொருள். வெறும் புகழ்ச்சியினால் கலைஞனுக்கு விளையும் தீங்கு பழிப்பினால் விளைவதைவிடக் குறைந்ததன்று. பழிப்புக்காவது எதிர்த்து நிற்கிற வைராக்கியம் பிறக்கலாம், புகழ்ச்சிக்குப் பிறகு அதே படத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டும் சோம்பல்தான் பிறக்கும். பிஸ்ஸாரோ செஸானைப் புகழ்ந்து தூக்கி வைத்ததாகத் தெரியவில்லை. தம் வேலையை அவர் கண்ணெதிரே செய்து காட்டினார். தம் தோல்விகளையும் மறைக்காமல் பார்க்க விட்டார். தாமும் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் பிஸ்ஸாரோவே வர்ணக் கத்தியைக் கையில் எடுத்துக் கெட்டியாகத் தீட்டிய படங்கள் உண்டு. அவற்றைப் பார்க்கிறவர்கள் இது செஸானிடமிருந்து வந்தது என்று சொல்லத் தயங்கமாட்டார்கள். 1895-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்: செஸான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல நானும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன், ஆயினும் முக்கியமான ஒன்றை, அதாவது அவரவருக்குச் சொந்தமான உணர்ச்சியை, அவரவர் காப்பாற்றிக்கொண்டோம் என்ற கருத்துப்பட எழுதினார்.

முதுமையில் லூயி லெ பாய் என்ற இளைஞருக்கு அவர் கூறிய யோசனைகள் குறிப்புகளாகக் கிடைத்திருக்கின்றன. வானம், தண்ணீர், கிளை, தரை என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போகாதே, எல்லாவற்றையும் ஒருங்கே வளர்த்துக்கொண்டு போ. ஓரத்தை அழுத்தமாக வரைந்து பூட்டிவிடாதே. பயப்படாமல் தாராளமாகத் தீட்டு, முதலில் மனத்தில் பட்டதை இழந்துவிடாதே. இயற்கை ஒன்றே ஆசிரியன், எப்போதும் அதைக் கேள். அவர் சொன்னவற்றின் சாரம் இது. இந்த யோசனைகளில் எதுவும் ‘என்னைப் போலச் செய்’ என்று சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அவருடைய சிநேகிதியான அமெரிக்கச் சித்திரக்காரி மேரி கஸாட், கல்லுக்குக்கூடச் சரியாக வரையக் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய ஆசிரியர் அவர் என்று சொல்லியிருக்கிறார்.

1874-இல் பிஸ்ஸாரோ செஸானை உட்கார வைத்து ஒரு சித்திரம் எழுதினார்; இப்போது அது லண்டன் தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது. குளிருக்குப் போட்ட தடித்த மேலங்கி, தலையில் குல்லாய், சீவாத தாடி. நகரத்து நாகரிகம் என்பதன் சுவடே இல்லாமல், வயல்வெளியிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தவர்போல் செஸான் காட்சியளிக்கிறார். பின்னாலிருக்கும் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்க வேண்டும். ஒருபுறம் அரசியல்வாதி தியேரைப் பற்றிய கேலிச்சித்திரம். மறுபுறம், வழக்கமான அழகையெல்லாம் உதறிவிட்டுக் கண்ணால் கண்டதை முரட்டுத்தனமாகத் தீட்டிய கூர்பேயின் கேலிச்சித்திரம். கீழே பிஸ்ஸாரோவே எழுதிய ஓர் இயற்கைக் காட்சி. நாட்டை ஆண்டவரும் கலையுலகில் கலகம் செய்தவரும் இருபுறமும் நிற்க, நடுவிலே பெருமையோடு அமர்ந்திருப்பவர், எந்த விற்பனைக் கடையும் சீந்தாத ஒருவர். ‘நீ பெரியவன்’ என்று வாயால் சொல்லாமல் வர்ணத்தால் சொன்ன வார்த்தை இது.

அதே 1874-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, சலோனின் தயவை எதிர்பாராமல் தாங்களே ஒரு கண்காட்சி நடத்துவதென்று மோனே, ரெனுவா, தெகா, பிஸ்ஸாரோ முதலியோர் கூடி, புகைப்படக்காரர் நாதார் காலி செய்திருந்த இடத்தில் கதவைத் திறந்தார்கள். செஸானைச் சேர்த்துக்கொண்டால் ஊர் சிரித்துவிடும், எல்லோருடைய பெயரும் கெடும் என்று சிலர் தயங்கினார்கள். பிஸ்ஸாரோ விட்டுக்கொடுக்கவில்லை. தயங்கியவர்கள் பயந்தபடியே நடந்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. செஸானுடைய ‘நவீன ஒலிம்பியா’ படத்துக்கு விழுந்த வசவு கொஞ்சமல்ல. ஆயினும் அவர் ஓவேரில் எழுதிய ‘தூக்கிலிட்டுக்கொண்டவன் வீடு’ என்ற படத்தை தோரியா பிரபு விலைக்கு வாங்கினார். ஒரு கலைஞனுக்காகப் பரிந்து நல்ல வார்த்தை சொல்வதற்குச் செலவொன்றும் இல்லை. தன் பெயரும் கூடச் சேர்ந்து கெடக்கூடிய இடத்தில் அவனுக்கு ஒரு சுவரைக் கேட்டு வாங்கித் தருவது வேறு. ஊக்கம் என்ற சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இரண்டாவதைப் பார்த்துத்தான்.

இப்படிச் செய்தது ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1874 முதல் 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் தவறாமல் கலந்துகொண்டவர் பிஸ்ஸாரோ ஒருவரே. பங்குச் சந்தையில் தரகராயிருந்து விடுமுறை நாட்களில் தீட்டிக்கொண்டிருந்த போல் கொகானைத் தூரிகை பிடித்த கையோடு அழைத்து வந்து அந்தக் கூட்டத்தில் சேர்த்தவரும் அவரே. பிற்பாடு அவ்விருவருக்கும் மனஸ்தாபம் முற்றிக் கடுஞ்சொல் பேசிக்கொண்டார்கள். என்றாலும் மரணத்துக்குச் சற்று முன்பு கொகான், பிஸ்ஸாரோ தம் ஆசான்களில் ஒருவரென்பதைத் தாம் மறுப்பதில்லையென்று எழுதி வைத்தார். 1886-இல், இருபது வயதுகளில் இருந்த சொரா, சிஞ்ஞாக் என்ற சித்திரகாரர்களைக் கண்காட்சியில் சேர்த்தே தீர வேண்டுமென்று நின்றது போதாதென்று, ஐம்பத்தைந்து வயதில் வர்ணங்களைப் புள்ளி புள்ளியாக வைக்கும் அவர்களுடைய முறையைத் தாமும் கற்றுக்கொண்டு நான்கைந்து வருஷம் அப்படியே தீட்டினார், படங்கள் விலைபோகவில்லை, வீட்டில் அடுப்பெரிவது பெரும் பாடாயிற்று. மனநோயால் வாடிய வின்ஸென்ட் வான் கோவுக்கு எங்கே அடைக்கலம் கிடைக்குமென்று தம்பி தியோ தவித்தபோது, ஓவேரில் இருக்கும் டாக்டர் காஷேயிடம் போகலாம் என்று வழி சொன்னவரும் பிஸ்ஸாரோவே.

இந்த உதாரகுணத்தின் சுமையை யார் தாங்கினார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. மனைவி ஜூலி கிராமத்துப் பெண். எட்டுக் குழந்தைகளைப் பெற்றவள். தோட்டத்தில் கறிகாய் பயிரிட்டும் கோழி வளர்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவள். வான் கோவைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அவளுடைய எதிர்ப்பால் கைவிடப்பட்டது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தாய் பயந்ததை நான் குற்றமாகக் காணவில்லை. 1892-இல், அவர்கள் குடியிருந்த எராஞ்ஞி கிராமத்து வீடு கைவிட்டுப் போய்விடும் நிலை வந்தபோது, கணவருக்குத் தெரியாமல் மோனேயிடம் போய்ப் பணம் கேட்டவள் அவளே. மோனே 15,000 பிராங்க் கடன் கொடுத்தார், வீடு நிலைத்தது. பெரிய லட்சியங்களின் கதையை எழுதுகிறவர்கள் இந்தப் பெண்மணியைக் கடுமொழிக்காரி என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பிஸ்ஸாரோ பிறருக்கு வாரிக் கொடுத்த பொழுதுகளுக்கெல்லாம் விலை கொடுத்தவள் அவள்.

செஸானோ 1877-க்குப் பின் அந்தக் கூட்டத்தோடு படங்களை வைப்பதை நிறுத்திவிட்டுத் தெற்கே எய்க்ஸிலேயே பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டார். பாரிஸில் அவருடைய படங்களைக் காண விரும்பியவர்கள் தாங்கி என்ற வர்ணக் கடைக்காரரின் சிறு கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. செஸானை ஏறக்குறைய எல்லோரும் மறந்தே போயிருந்த காலத்தில், அவருக்கு ஒரு தனிக் கண்காட்சி நடத்தும்படி வொல்லார் என்ற இளம் வியாபாரியைத் தூண்டியவர்களில் பிஸ்ஸாரோவும் ஒருவர். 1895 நவம்பரில் லஃபித் வீதியில் அந்தக் கண்காட்சி நடந்தது. தெகாவும் மோனேயும் ரெனுவாவும் மெய்ம்மறந்து நின்றதைக் கண்டு, தாமும் அதே மோகத்தில் ஆழ்ந்து, பிஸ்ஸாரோ மகனுக்கு எழுதிய கடிதங்களில் அசூயையின் நிழல்கூட இல்லை. தம் படங்களுக்கு நியாயமான விலை கிடைக்கத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. கண்ணில் ஓயாத உபத்திரவம். காற்றில் நின்று தீட்ட முடியாமல் ஹோட்டல் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கீழே ஓடும் பாரிஸ் வீதிகளை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நண்பன் தம்மைத் தாண்டிப் போய்விட்டான் என்பதை உணர்ந்து அதற்காகவே குதூகலித்தார்.

பிஸ்ஸாரோ 1903-இல் காலமானார். மூன்று வருஷங்களுக்குப் பிறகு எய்க்ஸில் நடந்த ஒரு கண்காட்சிக்குத் தம் படங்களை அனுப்பியபோது, 67 வயதான செஸான், அதற்குள் இளம் சித்திரகாரர்கள் தேடி வந்து தரிசிக்கும் பெருமையை அடைந்துவிட்ட செஸான், பட்டியலில் தம் பெயருக்குப் பக்கத்தில் ‘பிஸ்ஸாரோவின் மாணாக்கர்’ என்று பதிவு செய்துகொண்டார். எய்க்ஸில் படைச் சேவகனாய் இருந்தபோது தம்மைத் தேடி வந்த ஷார்ல் கமுவானுக்கும், 1904-இல் எகிப்திலிருந்து திரும்பும் வழியில் பார்க்க வந்த எமீல் பெர்நாருக்கும் அவர் அந்த வருஷங்களில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். லூவ்ர் சித்திரசாலையில் உள்ள பழைய மேதைகளைப் படியுங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள், வெளியே வந்து இயற்கையின் எதிரே நில்லுங்கள் என்பது அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் யோசனை. முப்பது வருஷங்களுக்கு முன்னால் பொந்துவாஸில் பக்கத்தில் நின்றவர் காட்டிய வழியை, தம் சொந்த வார்த்தைகளில் இளைஞர்களுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார் அந்தக் கிழவர்.